சென்னை – சிங்கப்பூர் விமானம்: 3 மணி 40 நிமிடமா, 4 மணி 20 நிமிடமா, 6 மணி 50 நிமிடமா?

கேள்வி: கும்பகோணத்தான்

அடுத்த மாதம் அம்மாவும் அப்பாவும் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகிறார்கள். இரண்டு பேருக்கும் முதல் விமானப் பயணம். டிக்கெட்டில் சென்னை 23:15, சிங்கப்பூர் மறுநாள் 06:05 என்று போட்டிருக்கிறது. கழித்தால் 6 மணி 50 நிமிடம். திரும்பும் டிக்கெட்டில் சிங்கப்பூர் 20:00, சென்னை 21:45. அது வெறும் ஒன்றே முக்கால் மணி! நேர வித்தியாசம் இருக்கிறது என்று தெரியும், ஆனால் எந்தப் பக்கம் கூட்டுவது, எந்தப் பக்கம் கழிப்பது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.

டிக்கெட் போட்ட தளம் 4 மணி 20 நிமிடம் என்கிறது. தூரம் காட்டும் ஒரு தளம் 3 மணி 40 நிமிடம் என்கிறது. தூரமும் ஒத்துப்போகவில்லை. ஓர் இடத்தில் 2,925, இன்னோர் இடத்தில் 1,817, வேறோர் இடத்தில் 1,579.

அப்பாவுக்குச் சர்க்கரை. ராத்திரி மாத்திரை, காலையில் ஊசி. எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், தம்பி சாங்கி விமான நிலையத்தில் எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும், இது இரண்டும் எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும். எந்த எண்ணை நம்புவது?

பதில்: ஓடுபாதை_07

மூன்று தூரமும் ஒரே தூரம்தான் சார். 2,925 கிலோமீட்டர், 1,817 தரை மைல், 1,579 கடல் மைல். தரை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ. விமானத் துறையில் கணக்கெல்லாம் கடல் மைலில்தான். அமெரிக்கத் தளங்கள் தரை மைலில் காட்டும். பத்துப் பதினைந்து கி.மீ. முன்னே பின்னே இருந்தால், ஒரு தளம் மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை அளக்கிறது, இன்னொன்று ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாங்கி தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது.

நீங்களே போட்டுப் பார்க்க வேண்டுமானால் பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும். மீனம்பாக்கம் 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. சாங்கி 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கித் தனியே வையுங்கள். அடுத்து அதே இரண்டின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசமான 23.82 டிகிரியின் கோசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் 0.8965. இதைக் கோசைனாகக் கொண்ட கோணம் 26.3 டிகிரி. டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 2,925 வந்துவிடும். விடை அபத்தமாக வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பதுபோல பிதாகரஸ் போட்டாலும் இந்தப் பாதைக்கு 2,929 வரும், நாலே கி.மீ. வித்தியாசம். இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் கிடைக்கும் சலுகை இது. இதே குறுக்கு வழியைச் சென்னை – லண்டனுக்குப் போட்டால் 8,235க்குப் பதில் 8,700க்கு மேல் காட்டும். அங்கே செய்யாதீர்கள்.

இனி நேரம். 3 மணி 40 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று யூகிப்பது சுலபம். 1,817 மைலை மணிக்கு 500 மைலால் வகுத்துப் பாருங்கள், 3 மணி 38 நிமிடம். தூரம் காட்டும் பல தளங்கள் இப்படித்தான் வகுத்துப் போடுகின்றன. சில, ஏறி இறங்க அரை மணி சேர்த்துக் கொள்ளும். அதில் விமானம் கிடையாது, காற்று கிடையாது, ஓடுபாதை கிடையாது. வெறும் வகுத்தல்.

டிக்கெட்டில் இருப்பது பிளாக் டைம். சென்னையில் விமானம் நிற்குமிடத்தை விட்டு அசையும் நொடியிலிருந்து சாங்கியில் நிற்குமிடத்தில் பிரேக் போடும் நொடி வரை. உங்கள் அப்பா இடுப்பில் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இதுதான் நெருங்கிய எண். அதைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருக்கும்.

பின்னுக்குத் தள்ளி, இன்ஜின் போட்டு, ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து போய், முன்னால் நிற்பவர்கள் கிளம்பும்வரை காத்திருக்க 15 முதல் 20 நிமிடம். ஏ320, 737 போன்ற ஒற்றை நடைபாதை விமானம் என்றால் மேலே மாக் 0.78 (ஒலி வேகத்தில் 0.78 பங்கு), அதாவது சுமார் 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்), மணிக்கு 830 கி.மீ. ஏ350, 787 போன்ற பெரிய விமானம் மாக் 0.85, சுமார் 900 கி.மீ. பறக்கும் பாதை 1,579 கடல் மைல் அல்ல, 1,620 பக்கம் வரும். கிளம்பும் வழி, இறங்கும் வழி, கடல் மேல் குறித்து வைத்த வழிப்புள்ளிகள் எல்லாம் சேர்ந்து 30, 40 மைலைக் கூட்டிவிடும். 1,620ஐ 450ஆல் வகுத்தால் 3 மணி 36 நிமிடம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட்டுக்கு மேல் போவதில்லை. அதற்கு ஒரு 15 நிமிடம் சேர்த்தால் வானத்தில் 3 மணி 50 நிமிடம். பெரிய விமானம் 3 மணி 35 நிமிடத்தில் முடித்துவிடும். சாங்கியில் தரையில் ஊர்ந்து வர ஒரு பத்து நிமிடம். மொத்தம் 4 மணி 15 முதல் 4 மணி 20.

இன்னொரு சின்ன விஷயம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை (3,658 மீட்டர்) 07/25, அதாவது ஏறக்குறைய கிழக்கு மேற்காக. கிழக்கு நோக்கி ஏறினால் நேரே கடல், அப்படியே சிங்கப்பூர்ப் பக்கம் முகம். மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில் அனகாபுத்தூர், பம்மல் பக்கம் மேற்கே ஏறி, வளைந்து திரும்பி ஊரைத் தாண்டிக் கடலுக்கு வர வேண்டும். சில நிமிடம் அதிலேயே போய்விடும்.

கடலுக்கு மேல் கோடு எங்கே போகிறது என்று கேட்பீர்களே: வங்காள விரிகுடாவைக் கோணலாகக் கடந்து, பெரிய நிக்கோபார் தீவின் தென்முனையான இந்திரா முனைக்குப் பக்கம், அங்கிருந்து சுமத்ராவின் வடகோடியில் ஆச்சே, பிறகு மலாக்கா நீரிணை நெடுகத் தென்கிழக்காக இறங்கி சிங்கப்பூர். ரஜூலா கப்பலும் அதற்குப் பின் எம்.வி. சிதம்பரமும் நாகப்பட்டினம், பினாங்கு தொட்டு ஒரு வாரம் போன கடல்தான் இது.

பதில்: இரண்டு கடிகாரம்

நேரக் கழித்தலுக்கு வருகிறேன். ஒரே விதி: இரண்டு நேரத்தையும் இந்திய நேரமாக்கு, பிறகு கழி. சிங்கப்பூர் நேரம் எதைப் பார்த்தாலும் இரண்டரை மணி குறைத்தால் இந்திய நேரம்.

போகும்போது: 06:05லிருந்து இரண்டரை மணி குறைத்தால் விடிகாலை 03:35. முந்தின இரவு 23:15லிருந்து 03:35 வரை 4 மணி 20 நிமிடம். வரும்போது: 20:00 என்பது நம் மாலை 17:30. 17:30லிருந்து 21:45 வரை 4 மணி 15 நிமிடம். ஒன்றே முக்கால் மணியில் யாரும் வந்துவிடவில்லை.

இரண்டு நாட்டிலும் கோடைக்காலக் கடிகார மாற்றம் இல்லை. அதனால் வருஷம் முழுக்க இரண்டரைதான். 'இரண்டு மணி வித்தியாசம்' என்று பெரியவர்கள் யாராவது அடித்துச் சொன்னால் அவர்கள் பொய் சொல்லவில்லை. 1981 முடியும்வரை அப்படித்தான் இருந்தது. மலேசியா நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது.

இதைவிடப் பெரிய பொறி தேதியில் இருக்கிறது. உங்கள் டிக்கெட் 23:15, அதனால் தப்பித்தீர்கள். நள்ளிரவு தாண்டி 00:20, 01:30 என்று கிளம்பும் விமானங்களில் ஆட்கள் விமானத்தையே விடுகிறார்கள். 15ஆம் தேதி 00:20 என்றால் 14ஆம் தேதி இரவு 9 மணிக்கே நிலையத்தில் நிற்க வேண்டும். '15ஆம் தேதி ராத்திரி விமானம்' என்று குறித்துக்கொண்டு 15ஆம் தேதி இரவு வந்தால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வீட்டுக் காலண்டரில் விமான நேரத்தைக் குறிக்காதீர்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் தேதியையும் மணியையும் குறியுங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையிலும் இதே சிக்கல்தான். வந்து இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அங்கே கேட்பது இறங்கும் தேதி. உங்கள் பெற்றோருக்கு அது கிளம்பும் தேதிக்கு மறுநாள். அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் வேறு தளத்துக்குள் போய்விட்டீர்கள் என்று வெளியே வந்துவிடுங்கள். விசா தனி, அது முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும்.

அப்பாவின் மருந்து பற்றி: ஊசி, மாத்திரை எல்லாம் கைப்பையில். சரக்குப் பெட்டியில் போட்டால் இன்சுலின் உறைந்து வீணாகலாம், பெட்டி தாமதமானால் மருந்தும் தாமதம். மருந்துகளின் பொதுப்பெயரோடு டாக்டர் கடிதம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை கடிகாரப்படி இரண்டரை மணி முன்னதாக வருகிறது, அதற்கு ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்பதை அவருடைய டாக்டரிடமே கேளுங்கள், இங்கே கேட்காதீர்கள். டாக்டரிடம் '23:15 முதல் 03:35 வரை விமானத்தில், எல்லாம் இந்திய நேரம்' என்று எழுதிக் காட்டினால் அவருக்கும் குழப்பம் இருக்காது. இறங்கும்வரை அப்பா கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.

சாப்பாடு கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து, அதாவது நள்ளிரவு தாண்டி வரும். டிக்கெட்டில் உணவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் சர்க்கரை நோயாளி உணவைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே கேட்டு வைக்கலாம். எப்படியானாலும் ராத்திரிச் சாப்பாட்டை வழக்கமான நேரத்தில் தரையிலேயே முடித்துவிடுவது நல்லது.

பதில்: ஜன்னல்_சீட்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. அதனால் கிழக்கே போகும் விமானம் எப்போதும் சீக்கிரம் போகும், மேற்கே வருவது தாமதமாகும். லண்டன், அமெரிக்கா எல்லாம் அப்படித்தானே? இவர் டிக்கெட்டில் போக 4:20, வர 4:15 என்று தலைகீழாக இருக்கிறது. தளத்தில் தப்பாகப் போட்டிருப்பார்கள்.

பதில்: மேகக்கணக்கு

தப்பில்லை. இந்தப் பாதையில் அப்படித்தான் வரும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் அதிகமாக வரும்.

முதலில் பூமி சுற்றுவதை விட்டுவிடுங்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது, ஓடும் ரயிலுக்குள் பறக்கும் ஈ மாதிரி விமானம் அந்தக் காற்றுக்குள் இருக்கிறது. நேரத்தை மாற்றுவது பூமியைவிட வேகமாகவோ மெதுவாகவோ ஓடும் உயரக் காற்று. லண்டன், அமெரிக்கப் பாதைகளில் அது மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கு மேலே அந்தக் காற்று 100 நாட்டையும் தாண்டும். அதை வைத்துத்தான் 'கிழக்கே போனால் சீக்கிரம்' என்ற பேச்சு வந்தது.

சென்னை – சிங்கப்பூர்ப் பாதை அந்த ஜெட்டுக்கு ரொம்பத் தெற்கே இருக்கிறது. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை எதிர்த்திசையில் ஒரு காற்று உண்டு: கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் வெப்பமண்டலக் கீழை ஜெட். திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் கோடையில் சூடாகி, மேலே தெற்கைவிட வடக்கே காற்று வெப்பமாக இருப்பதால் வருவது. 1958இல் இதை விரிவாக எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். அதன் நடுப்பகுதி 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், தென்னிந்தியாவின் அட்சரேகைகளிலேயே ஓடும். விமானம் பறப்பது 10.5 முதல் 12 கி.மீ. வரை. நடுப்பகுதியைத் தொடாவிட்டாலும் அதன் அடிப்பாகம் விமானத்தில் படும்.

எவ்வளவு படும்? 30 நாட் எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். 1,620 கடல் மைல், 450 நாட் வேகம். காற்றே இல்லாவிட்டால் 3 மணி 36. எதிர்க்காற்றில் தரைவேகம் 420, நேரம் 3 மணி 51. பின்காற்றில் 480, நேரம் 3 மணி 22 அல்லது 23. போக வர ஏறத்தாழ அரை மணி வித்தியாசம். எதிர்க்காற்று தின்பது 15 நிமிடம், பின்காற்று கொடுப்பது 13, 14 நிமிடம்தான் என்பதையும் கவனியுங்கள். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் இருக்கிறீர்கள். அதனால் போக வரச் சராசரி எடுத்தாலும் காற்றில்லாத நேரம் திரும்பக் கிடைக்காது.

ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூர் போவது மெதுவாக, சென்னை திரும்புவது வேகமாக. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தப் பாதையில் உயரக் காற்று பெரும்பாலும் சாது. இடத்துக்கு இடம் திசையும் மாறும். இரண்டு பக்க நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அட்டவணை போடுகிறவர்கள் நாள்தோறும் மாற்ற முடியாது, ஒரு பருவம் முழுக்கத் தாங்கும்படி ஓர் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் சில நாள் 'இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று அறிவிப்பு வருகிறது. விமானி விரட்டி ஓட்டியதால் அல்ல.

உயரத்திலும் போக்குவரத்து விதி உண்டு. கிழக்கே போகிறவர்களுக்கு 33, 35, 37 ஆயிரம் அடி என்று ஒற்றைப்படை, மேற்கே வருகிறவர்களுக்கு 34, 36, 38 என்று இரட்டைப்படை. காற்று குறைவான உயரம் வேண்டும் என்று நினைத்ததும் போய்விட முடியாது. ராத்திரியில் இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் பல விமானங்கள் ஒரே சமயத்தில் கடலைக் கடக்கும், கரையிலிருந்து தள்ளிய பகுதியில் விமானங்களுக்கிடையே விடும் இடைவெளியும் அதிகம். கேட்ட உயரம் கிடைக்காமல் கீழேயே போக வேண்டி வந்தால் எரிபொருள்தான் அதிகம் செலவாகும், நேரம் அவ்வளவாக மாறாது.

கும்பகோணத்தான்

நன்றி. 4:20 என்பது உட்கார்ந்திருக்கும் நேரம், அதையே டாக்டரிடம் காட்டுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. கும்பகோணத்திலிருந்து எங்களுக்குத் திருச்சிதான் பக்கம். அடுத்த முறை அங்கிருந்து போட்டால் பறக்கும் நேரம் எவ்வளவு கூடும்? இன்னொன்று, தம்பி 6 மணிக்கே போய் நிற்க வேண்டுமா?

பதில்: பொன்மலை

திருச்சி – சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கி.மீ. சென்னையைவிட 55 கி.மீ.தான் கூடுதல், வானத்தில் நாலு நிமிடம். திருச்சி மேற்கே இருப்பது தூரத்தைக் கூட்டுகிறது, தெற்கே இருப்பது குறைக்கிறது, இரண்டும் ஏறக்குறைய சரிக்கட்டிவிடும். நேர்கோடு கோடியக்கரைக்குப் பக்கமாகக் கடலுக்குள் போகும். கோயம்புத்தூரில் அந்தச் சலுகை இல்லை, அங்கிருந்து 3,160 கி.மீ. ஆகிவிடும்.

ஆனால் திருச்சி ஓடுபாதை இரண்டரை கி.மீ. பக்கம். அங்கே ஒற்றை நடைபாதை விமானங்கள்தான். ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் எல்லாம் அந்த வகையில்தான் ஓட்டுகிறார்கள். மேலே சொன்ன மாக் 0.78 கணக்கு. சென்னையில் பெரிய விமானத்தில் போவதோடு ஒப்பிட்டால் திருச்சிக்காரர் இருபது நிமிடம் கூடுதலாகப் பறப்பார். சென்னையிலும் ஏ320தான் என்றால் வித்தியாசமே தெரியாது. திருச்சியில் ஊர்ந்து காத்திருக்கும் நேரம் குறைவு, அதிலேயே அந்த நாலு நிமிடம் திரும்பி வந்துவிடும்.

உங்களுக்கு முடிவு செய்வது வானம் அல்ல, தரை. கும்பகோணத்திலிருந்து திருச்சி விமான நிலையம் தஞ்சாவூர் வழியாக 95 கி.மீ. பக்கம், இரண்டிலிருந்து இரண்டரை மணி. சென்னைக்குக் காரில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது, பண்டிகை நாளில் தாம்பரத்துக்கு வெளியே நிற்கும் நேரத்தைக் கணக்கிலேயே எடுக்க முடியாது. வீட்டு வாசலிலிருந்து சாங்கி வரை கூட்டிப் பாருங்கள். திருச்சி: இரண்டரை, முன்னதாக மூன்று, பிளாக் டைம் நாலே கால், மொத்தம் பத்து மணிக்குள். சென்னை: ஆறரை, மூன்று, நாலே கால், பதினாலை நெருங்கும். வயதானவர்களுக்கு இந்த நாலு மணி நேரம் பெரிது. 300 கி.மீ. ரோட்டில் போய் 55 கி.மீ. வானத்தில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. டிக்கெட் விலையில் நல்ல வித்தியாசம் இருந்தால் மட்டும் சென்னையை யோசிக்கலாம், அதுவும் கார் வாடகையைச் சேர்த்துப் பார்த்த பிறகு.

ஒரு எச்சரிக்கை. திருச்சியில் ஒரு விமானம் ரத்தானால் அடுத்தது கிடைப்பது சென்னையைவிடக் கடினம். சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியா மாதிரி மேலே போகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே பிஎன்ஆரில் போடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. பெட்டியை எடுத்து மறுபடி போடக் குடியேற்றம் தாண்ட வேண்டும், அதற்கு விசா வேண்டும்.

பதில்: மேகக்கணக்கு

தம்பி 6 மணிக்கு வந்து நின்றால் வெறும் காபிதான் குடிக்க முடியும். 06:05 என்பது விமானம் நிற்குமிடத்துக்கு வரும் நேரம். சக்கர நாற்காலி கேட்டிருந்தால் (கேளுங்கள், 48 மணி நேரம் முன்பே, சாங்கியில் நடை அதிகம்) எல்லோரும் இறங்கிய பிறகுதான் அவர்களை இறக்குவார்கள். இறங்க 20 நிமிடம், குடியேற்றம், பெட்டி எல்லாம் சேர்த்து 06:50லிருந்து 07:10க்குள் வெளியே வருவார்கள் என்று வையுங்கள்.

ஆனால் விடிகாலை வந்து சேரும் விமானத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா ஸ்குவால் என்று ஒன்று வரும். சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் ராத்திரியில் திரளும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடிவதற்கு முன்னாலோ காலையிலோ சிங்கப்பூரை அடிக்கும். மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வரை காற்று, ஒன்றிரண்டு மணி நேரம் மழை. சென்னை விமானங்கள் வந்து சேரும் அதே வேளை, வரும் அதே திசை. அந்த வரிசையைச் சுற்றிப் போனால் 10 நிமிடம், சாங்கியில் இறங்க முடியாமல் வட்டமடித்தால் 20, 30 நிமிடம்.

அதற்கு எரிபொருள் உண்டு. போகும் தூரத்துக்கு உரியது, அதற்கு மேல் எதிர்பாராச் செலவுக்கு வழக்கமாக 5 சதவீதம், மாற்று நிலையத்துக்குப் போக உரியது, கடைசியாக 30 நிமிடத்துக்குத் தொடவே கூடாத இருப்பு. வட்டமடித்து இந்த எல்லையைத் தொட்டால் விமானி பேரம் பேசாமல் பாத்தாமுக்கோ ஜோகூருக்கோ கோலாலம்பூருக்கோ திருப்பிவிடுவார். அங்கே எரிபொருள் போட்டு, மழை விட்டதும் கிளம்பி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயணிகளை வெளியே விடமாட்டார்கள், உள்ளேயே உட்கார வேண்டியதுதான். அப்பாவின் கைப்பையில் இரண்டு வேளைக்கான மருந்தும், கொஞ்சம் பிஸ்கட்டும் இருக்கட்டும் என்று சொல்வது இதற்காக.

திரும்பி வரும்போது 21:45க்குச் சென்னையில் பெரிய சிக்கல் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை நாட்களில் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் சென்னை வரும் விமானமாக இருந்தால் ஜனவரியில் போகிப் பண்டிகை அன்று தவிர்த்துவிடுங்கள். பழைய பாய், டயர் எரித்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போய், விமானங்களைப் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்புவது உண்டு.

பதில்: ஓடுபாதை_07

தம்பிக்கு இன்னும் சுலபமான வழி. விமான எண்ணைக் கண்காணிப்புத் தளத்தில் போட்டால் கடந்த ஏழு நாளும் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று காட்டும். டிக்கெட் நேரத்தோடு ஒப்பிடாமல் அந்த ஏழு நாள் இறங்கிய நேரத்தைப் பாருங்கள், அந்தப் பருவத்தின் காற்று அதிலேயே அடங்கிவிடும். ஒரே கவனம்: சில இடங்களில் காட்டுவது சக்கரம் தரையைத் தொட்ட நேரம், நிற்குமிடத்துக்கு வந்த நேரம் அல்ல. பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு சென்னையில் விமானம் மேலே ஏறிய நேரத்தை நீங்கள் தம்பிக்கு அனுப்புங்கள். ஏ320 என்றால் அதோடு 3 மணி 50 நிமிடமும், நேர வித்தியாசம் இரண்டரை மணியும், வெளியே வர ஒரு மணியும் கூட்டச் சொல்லுங்கள். மொத்தம் 7 மணி 20 நிமிடம். 23:35க்கு ஏறினால் சிங்கப்பூர் நேரம் 06:55க்கு வாசலில் நின்றால் போதும். எந்த டெர்மினல் என்பதை மட்டும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளட்டும். 1, 2, 3 பக்கம் பக்கமாக இருக்கின்றன, 4 தள்ளி இருக்கிறது, அங்கே பஸ் பிடித்துப் போக வேண்டும்.